மலைக்கு அடியில் ஒரு காத்திருப்பு: கரும்பொருள் தேடுகிறவரின் வேலை என்ன?

ரோமிலிருந்து கிழக்கே டெரமோ ஊருக்குப் போகும் ஏ24 நெடுஞ்சாலை, கிரான் சாஸோ என்ற மலையைக் குடைந்துகொண்டு போகிறது. சுரங்கப்பாதை மட்டும் சுமார் 10 கி.மீ. நீளம். நடுவழியில் ஒரு பக்கப் பாதை பிரிகிறது. லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் அதைக் கவனிக்காமல் நேரே போய்விடும். அந்தப் பாதையில் திரும்பினால் உள்ளே மூன்று பிரம்மாண்டமான மண்டபங்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். தலைக்கு மேலே 1,400 மீட்டர் பாறை.

அந்த மண்டபங்களில் ஒன்றில், 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டிக்கு நடுவே, தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் வைத்த ஒரு பாத்திரம் இருக்கிறது. அதற்குள் மைனஸ் 95 டிகிரி வாக்கில் குளிர்வித்துத் திரவமாக்கிய செனான் வாயு, மொத்தம் எட்டரை டன். பல நாடுகளைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எதற்கு? அதில் ஏதாவது ஒரு செனான் அணு, வேறெந்தக் காரணமும் இல்லாமல், லேசாக ஒரு முறை இடிபடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இன்றுவரை அப்படி எதுவும் உறுதியாகவில்லை. ஆனாலும் வேலை நடக்கிறது, ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன, முனைவர் பட்டங்கள் கிடைக்கின்றன, பேராசிரியர்கள் ஓய்வுபெறுகிறார்கள். ஒரு பொருளைக் கண்டுபிடிக்காமலேயே ஒருவர் நாற்பது ஆண்டு மதிப்போடு வேலை பார்க்க முடியும் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

தேடுவது எதை?

1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர், கோமா என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினார். அதிலுள்ள மண்டலங்கள் ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு மட்டும் போதாது. அந்தக் கூட்டம் என்றோ சிதறிப் போயிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நமக்குப் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமீடாவை அளந்தபோது அதே குழப்பம் வேறு வடிவில் வந்தது.

நம் சூரியக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூரியனை ஒட்டியிருக்கும் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, தொலைவிலுள்ள நெப்டியூன் நொடிக்கு ஐந்தரை கி.மீ.கூடப் போவதில்லை. தூரம் கூடினால் வேகம் குறைய வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் ஆண்ட்ரோமீடாவில் வெளி ஓரத்தில் இருப்பவையும் உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே கிட்டத்தட்டச் சுற்றின. அப்படியானால் வெளியே நிறைய எடை இருக்கிறது, ஆனால் அது ஒளிவிடவில்லை. அதற்குத்தான் கரும்பொருள் (dark matter) என்று பெயர் வைத்தார்கள்.

இதற்குப் பிறகு வேறு சாட்சிகளும் சேர்ந்தன. இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தில் நாமறிந்த அணுக்களாலான பொருள் சுமார் 5 சதவீதம்; இந்தக் கரும்பொருள் சுமார் 27 சதவீதம். மிச்சம் இருண்ட ஆற்றல், அது தனிக் கதை. அதாவது, எடை உள்ளவற்றில் ஆறில் ஐந்து பங்கு என்னவென்றே நமக்குத் தெரியாது.

கரும்பொருள் என்ற பெயரே கொஞ்சம் தப்பு என்பது என் எண்ணம். கறுப்பாக இருந்தால் பின்னாலிருக்கும் வெளிச்சத்தை மறைத்திருக்கும். இது மறைப்பதில்லை, ஒளி பாட்டுக்கு ஊடுருவிப் போய்விடுகிறது. தெளிபொருள் என்று வைத்திருக்கலாம். சரி, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அது இன்னும் நாம் பிடிக்காத ஏதோ ஒரு வகைத் துகள் என்பது பெரும்பாலானவர்களின் ஊகம். அப்படியானால் அது எங்கோ வானத்தில் மட்டும் இல்லை, இந்தக் கணத்தில் உங்கள் அறைக்குள்ளும் இருக்கிறது. நம் பகுதியில் அதன் அடர்த்தியை வானியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், பூமி முழுவதன் கன அளவுக்குள்ளும் ஒரு நேரத்தில் இருக்கும் கரும்பொருள் அரைக் கிலோ சொச்சம். அவ்வளவுதான்! ஆனால் அது நொடிக்கு இருநூறு கி.மீ.க்கு மேல் வேகத்தில் நம்மைக் கடந்துகொண்டே இருக்கிறது. ஒரு துகள் புரோட்டானைப்போல் 100 மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை நொடிக்கு ஐம்பது அறுபதாயிரம் துகள்கள் கடக்கின்றன. எதுவும் உங்களைத் தொடுவதில்லை. பல கோடி கோடிகளில் ஒன்று எப்போதாவது ஓர் அணுவின் கருவில் இடிக்கலாம். அந்த 'லாம்'ஐ நம்பித்தான் மலைக்கு அடியில் எட்டரை டன் செனான்.

விண்ணிலிருந்து வரும் துகள்களைத் துகள் இயற்பியலின் கருவிகளைக்கொண்டு பிடித்துப் படிக்கும் இந்தத் துறைக்கு விண்துகள் இயற்பியல் என்று பெயர். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கி.மீ.க்கு மேல் ஏறி, உயரம் போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று காட்டியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. அவர் மேலே போனார். கரும்பொருள் தேடுகிறவர்கள் கீழே போகிறார்கள்.

ஏன் மலைக்கு அடியில்?

உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாகும் மியூவான் என்ற துகள்கள், நொடிக்கு ஒன்றோ இரண்டோ அதைத் துளைத்துப் போகின்றன. நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஓர் அணு இடிபடுவதைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்திருக்கும் கருவிக்கு அது திருவிழாச் சந்தையில் நிற்பதுபோல. கிரான் சாஸோவின் பாறை அந்த மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. அதையும் தாண்டி வருவதைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டி கவனிக்கிறது. மியூவான் தண்ணீரில் பாயும்போது நீல ஒளிக்கீற்று உண்டாகும். அது தெரிந்த நேரத்தில் கருவிக்குள் என்ன நடந்தாலும் கணக்கில் எடுப்பதில்லை.

வெளிச் சத்தம் போயிற்று. இனி உள்ளே இருக்கும் சத்தம், அதுதான் பெரிய தலைவலி. பூமியில் எல்லாப் பொருளிலும் ஏதோ ஒரு துளி கதிரியக்கம் உண்டு. வாழைப்பழத்தில் உண்டு, நம் உடம்பிலும் உண்டு: நம்மிடமுள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்குச் சுமார் நான்காயிரம் அணுக்கள் சிதைகின்றன. எஃகில், பீங்கானில், பற்றவைப்பில், ஒரு திருகாணியில்கூட யுரேனியமும் தோரியமும் மிகச் சொற்ப அளவில் இருக்கும். யுரேனியம் இருந்தால் அதிலிருந்து ரேடான் வாயு கசியும், கசிந்து செனானோடு கலக்கும். செனானைக் காற்றிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள்; அப்போது காற்றிலுள்ள கிரிப்டானும் ஒட்டிக்கொண்டு வரும். அதில் அணு எரிபொருள் ஆலைகள் வெளிவிட்ட கதிரியக்கக் கிரிப்டானும் இருக்கும். அதனால் ஆய்வுக்கூடத்திலேயே காய்ச்சி வடிக்கும் உயரமான குழாய்க் கோபுரம் வைத்து, செனானை வடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதே மலைக்குள் நடக்கும் இன்னொரு சோதனையின் கதை எனக்குப் பிடித்தமானது. கூவோரே என்ற அந்தக் கருவிக்கு ஈயக் கவசம் வேண்டும். புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை இருக்கும். அது பாதியாகக் குறையவே 22 ஆண்டாகும். என்ன செய்தார்கள் தெரியுமா? சார்டீனியா தீவுக்கருகே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகளைத் தொல்லியல் துறையிடமிருந்து வாங்கி உருக்கினார்கள். கடலடியில் கிடந்த இரண்டாயிரம் ஆண்டில் கதிரியக்கம் தானாக அடங்கியிருந்தது.

முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல்லும் உமியும் நீக்குகிற வேலைதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அரிசி ஒரு மணிகூட இல்லாமல் போகலாம். அப்படியும் புடைத்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு இடி, இரண்டு மின்னல்

கருவி வேலை செய்யும் முறை அழகானது. ஒரு துகள் வந்து செனான் அணுவில் இடித்தால் முதலில் ஒரு சிறு புற ஊதா ஒளி மின்னும். கூடவே சில எலெக்ட்ரான்கள் அணுவிலிருந்து பிய்ந்து வரும். பாத்திரத்துக்குள் மின்புலம் இருப்பதால் அந்த எலெக்ட்ரான்கள் மேலே இழுபட்டு, திரவத்துக்கு மேலிருக்கும் மெல்லிய வாயு அடுக்குக்குள் நுழையும்போது இரண்டாவது ஒளி மின்னும். மேலும் கீழுமாக அடுக்கிய 494 ஒளி உணர்குழாய்கள் இரண்டையும் பதிவு செய்யும்.

இரண்டு மின்னல்களுக்கு இடையிலான நேரத்தை வைத்து, இடி எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று சொல்லலாம். மேலேயுள்ள எந்தக் குழாய் பளிச்சென்று கண்டது என்பதை வைத்து இடமும் தெரியும். பாத்திரத்தின் சுவரோரம் நடந்தவை பெரும்பாலும் சுவரிலிருந்து வந்த அழுக்கு. அவற்றைத் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பார்ப்பார்கள். செனான் திரவம் தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி என்பதால் வெளி அடுக்கே உள்ளுக்குக் கவசமாகிவிடுகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. இடித்தது அணுக்கருவிலா, எலெக்ட்ரானிலா என்பதைப் பொறுத்து இரண்டு மின்னல்களின் விகிதம் மாறும். கரும்பொருள் கருவில் இடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கதிரியக்க அழுக்கில் பெரும்பகுதி எலெக்ட்ரானில் இடிக்கும். அதை வைத்துப் பதரைப் பிரிக்கலாம்.

எலெனா அப்ரீலேயின் வழி

இந்தத் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு எலெனா அப்ரீலேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1954-இல் மிலானில் பிறந்தவர். நேப்பிள்ஸில் இயற்பியல் படித்தார். மாணவியாக இருந்தபோதே ஜெனீவா அருகேயுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய், இயற்பியலாளர் கார்லோ ருபியாவின் குழுவில் சேர்ந்தார். திரவமாக்கிய அரிய வாயுக்களைத் துகள் பிடிக்கும் பொறியாக மாற்றலாம் என்ற யோசனை அங்கேதான் சூடாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 1982-இல் ஜெனீவாவில் முனைவர் பட்டம், அப்புறம் ஹார்வர்டில் ருபியாவோடு மேலாய்வு, 1986 முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம்.

கவனியுங்கள், இதுவரை கரும்பொருள் என்ற சொல்லே வரவில்லை. அவர் கையில் எடுத்தது ஒரு பொருளை: திரவ செனான். முதலில் அதை வைத்துக் காமா கதிர் தொலைநோக்கி ஒன்று செய்து, 1990-களின் பிற்பகுதியில் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பினார். செனானை எப்படிச் சுத்தமாக வைப்பது, எலெக்ட்ரான்கள் வழியில் தொலையாமல் மேலே வருவது எப்படி, எந்தக் குழாய் குளிரில் உழைக்கும் என்பதெல்லாம் பதினைந்து ஆண்டு அனுபவத்தில் அவருக்குக் கைவந்தது. 2000-களின் தொடக்கத்தில், அதே பொறியை மலைக்கு அடியில் வைத்தால் கரும்பொருளுக்குச் சரியான வலையாகுமே என்று திரும்பினார். கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு கருவி தேடுவதுதான் ஆராய்ச்சி என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். பல நேரங்களில் நடப்பது தலைகீழ்தான்.

அதன் பிறகு அவர் வாழ்க்கையைக் கிலோக் கணக்கில் சொல்லலாம். 2006-இல் செனான்10 என்ற கருவி ஓடத் தொடங்கியபோது அதில் வேலை செய்யும் பகுதியில் சுமார் 15 கிலோ செனான். அடுத்த செனான்100-இல் அறுபது கிலோவுக்குச் சற்று மேல். 2016-இல் செனான்1டி, வேலை செய்யும் பகுதியில் 2 டன். தொடக்கத்தில் பார்த்த பாத்திரம்தான் இப்போதைய செனான்என்டி; அதன் எட்டரை டன்னில் வேலை செய்யும் பகுதி கிட்டத்தட்ட 6 டன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது, அதைவிட முக்கியமாகச் சுத்தம். ஒவ்வொன்றும் சொன்ன பதில் 'இல்லை'.

ஆனால் அந்த 'இல்லை' வெறும் கைவிரிப்பு அல்ல. "கரும்பொருள் இவ்வளவு கனமாக, இவ்வளவு எளிதாக அணுவில் இடிக்கும் வகையாக இருந்திருந்தால் எங்கள் கருவியில் இத்தனை முறை தட்டியிருக்கும், தட்டவில்லை, ஆகவே அது அந்த வகை அல்ல" என்று எண்ணோடு சொல்லும் 'இல்லை'. காணாமல்போன பொருளைத் தேடும்போது ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டே வருவோம் அல்லவா, அந்த மாதிரி. கோட்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாக ஆசையோடு வளர்த்த எத்தனையோ யோசனைகள் இப்படிப் பூட்டிய அறைகளில் மாட்டிக்கொண்டன.

போகிற வழியில் வேறு சில கிடைப்பதும் உண்டு. செனான்-124 என்ற வகை அணு மிக மிக மெதுவாகச் சிதைவதை 2019-இல் இந்தக் குழு அளந்தது. பாதியாகக் குறைய ஆகும் காலம், 18-க்குப் பின்னால் 21 பூஜ்ஜியம் போட்டால் வரும் ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஒரு லட்சம் கோடி மடங்குக்கும் மேல்.

தன்னையே நம்பாத பயிற்சி

கொஞ்சமும் சத்தமில்லாத இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான். அதனால் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கரும்பொருள் தெரியக்கூடிய பகுதியிலுள்ள தரவை மூடி வைத்துவிடுவார்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளையெல்லாம் முடிவு செய்து பூட்டிய பிறகுதான் அதைத் திறப்பார்கள். செனான்1டி குழு ஒரு படி மேலே போய், தரவில் ரகசியமாகப் பொய்ச் சமிக்ஞைகளையும் கலந்து வைத்தது. இதற்கு உப்புப் போடுவது என்றே பெயர். திறந்து பார்த்து யாராவது துள்ளிக் குதித்தால், அது உப்பாகவும் இருக்கலாம்.

2020 ஜூனில் அவர்களுக்கே ஒரு சோதனை வந்தது. குறைந்த ஆற்றல் பகுதியில் 232 இடிகள் எதிர்பார்த்த இடத்தில் 285 வந்திருந்தன. சூரியனிலிருந்து வரும் ஆக்ஸியான் என்ற புதுத் துகளா? உலகமெங்கும் கோட்பாட்டாளர்கள் கட்டுரைகளாக எழுதித் தள்ளினார்கள். அந்தக் குழு வெளியிட்ட கட்டுரையிலேயே இன்னொரு சாத்தியமும் இருந்தது: செனானில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கடுகளவும் இல்லாத, கடுகில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ஓர் அழுக்காகக் கலந்திருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து, அழுக்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த செனான்என்டி பார்த்தபோது அந்த மிகுதி காணவில்லை. தங்கள் பரபரப்பான செய்தியைத் தாங்களே அடித்துத் திருத்தினார்கள். இந்தத் துறையின்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அதே கிரான் சாஸோ மலைக்குள் எதிர்மாறான ஒரு கதையும் இருக்கிறது. டாமா என்ற குழு சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து, 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் ஏறி டிசம்பர் வாக்கில் இறங்கும் ஒரு சமிக்ஞையைப் பார்ப்பதாகச் சொல்லி வருகிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது கரும்பொருள் காற்றை எதிர்த்துப் போவதும் அதோடு சேர்ந்து போவதுமாக இருப்பதால், அப்படி ஏறி இறங்கத்தான் வேண்டும். ஆனால் அதே வகைப் படிகத்தை வைத்து ஸ்பெயினிலும் தென்கொரியாவிலும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. டாமா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

செனான் கருவிகளுக்கு இப்போது புது எல்லை ஒன்று தெரிகிறது. 2024-இல் செனான்என்டியும், சீனாவின் பாண்டாஎக்ஸ் கருவியும், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் மோதாத மிக லேசான துகள்கள்) செனான் கருவில் இடிப்பதன் முதல் அறிகுறியைக் கண்டன. அது பெரிய சாதனை. தொல்லையும் அதுதான்: கரும்பொருளின் இடியும் நியூட்ரினோவின் இடியும் பார்க்க ஒரே மாதிரி, நியூட்ரினோவை எந்த மலையும் தடுக்காது.

இந்த வேலைக்குப் போவது எப்படி?

இயற்பியலில் இளநிலை, முதுநிலை. அப்புறம் ஐந்தாறு ஆண்டு முனைவர் ஆய்வு. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களாக நாடு நாடாக மேலாய்வு. நிலையான வேலை கிடைக்கும்போது தலையில் நரை எட்டிப் பார்த்திருக்கும். எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை; பலர் தரவு அறிவியலுக்கோ மருத்துவப் படக்கருவித் துறைக்கோ போய்விடுகிறார்கள், அங்கே அவர்களுக்கு நல்ல கிராக்கி. இதைச் சொல்லாமல் ஆசை மட்டும் காட்டுவது சரியில்லை.

அன்றாடம் என்ன செய்வார்கள்? காணொளிக் கூட்டங்கள், பைத்தான் நிரல், பிழை தேடுதல், மறுபடி கூட்டம். முறை வைத்துக் கருவியைக் கண்காணிக்க வேண்டும். அழுத்தமோ வெப்பநிலையோ தப்பினால் நடுராத்திரியில் கைப்பேசி அலறும். கட்டுரையில் நூற்றைம்பது பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், நம் பெயர் எங்கோ நடுவில். தனியாக ஒளிர ஆசைப்படுகிறவருக்கு இது ஒத்துவராது. கணக்கில் மட்டும் கெட்டியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். வெற்றிடக் குழாயில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கிற கை வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த மண்ணடி அறிவியல் புதிதல்ல. கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பலர் வேலை பார்த்த அதே சுரங்கங்களின் ஆழத்தில்தான், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965-இல் டாடா ஆய்வு நிறுவனத்தினரும் ஜப்பான், இங்கிலாந்துக் கூட்டாளிகளும் கண்டார்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017 முதல் ஒரு சிறு ஆய்வகம் இருக்கிறது. கரும்பொருள் தேடும் கருவிகளை அங்கே சோதிக்கிறார்கள். காஸ்மிக் கதிர்களைப் பார்க்கவேண்டும் என்றால் ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014-இல் ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்கள் குறைந்ததை வைத்தே அவர்கள் கணக்கிட்டார்கள்.

புதிதாகச் சேரும் மாணவருக்கு, வெளிநாட்டிலோ இங்கோ, முதல் நாளே கரும்பொருளைத் தேடச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் கையில் சில திருகாணிகளைக் கொடுப்பார்கள். அவற்றை அமிலத்தில் கழுவி, ஜெர்மேனியம் உணர்கருவிக்குள் வைத்து, மூடி, இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த வகைத் திருகாணிக்குக் கருவியில் இடம் உண்டு. கூடினால் வேறு கம்பெனித் திருகாணி வரும், மறுபடி கழுவ வேண்டும்.